கைராசியும் அளவுகோலும்

இரவு நேரத்து மருத்துவமனை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த இளைஞன் ஒருவன் அறுவைக் கூடத்தினுள் கொண்டு செல்லப்படுகிறான். வெளியே, நீண்ட இருக்கையில், அவனுடைய தாயும் தந்தையும் செய்தி கேட்டு ஓடிவந்த உறவினரும் அமர்ந்திருக்கின்றனர். அங்கே எழும் முதற் கேள்வி எது? முறிவு எவ்வகையது என்பதன்று. அதனை எம்முறையில் பொருத்தப் போகிறார்கள் என்பதுமன்று. "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதே அந்தக் கேள்வி. "ஆமாம், அவர் தொட்டது துலங்கும்" என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். தாயின் முகம் தெளிகிறது. தந்தை ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்து அமர்கிறார்.

மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. உயிர் பிழைத்தோரில் எலும்பு முறிந்தவர் எத்தனையோ பேர். ஆகவே இக்காட்சி அரிதானதன்று. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிப்போன காட்சியே. அந்தத் தாயின் அச்சத்தை எவரும் குறைகூற முடியாது. ஆயினும், அவள் கேட்ட கேள்வி தவறான கேள்வி என்பதை எடுத்துரைக்காமல் இருப்பது கல்வி கற்றோர்க்கு அழகன்று. எலும்பு முறிவு அறுவையில் திருகாணி போய்ச் சேரவேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது கைராசி அன்று. அளவும், அளவைச் சரிபார்த்தலுமே. இவ்வுண்மையை மறைக்கும் மயக்கங்கள் மூன்று. அவை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் களைதல் வேண்டும்.

கைராசி என்னும் மயக்கம்

முதல் மயக்கம், திறமையுள்ள கைக்கு வழிகாட்டுங் கருவி எதற்கு என்பது. இது பொதுமக்களிடம் மட்டுமன்றி, மருத்துவ உலகின் உள்ளேயும் உலவுகின்ற ஒன்று. "முப்பது ஆண்டு அனுபவம் உடையவருக்கு அளவுகோல் தேவையில்லை, கருவியைத் தேடுபவன் கற்றுக்குட்டி" என்பதே இதன் சாரம்.

கேட்பதற்கு இது வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பறையை அறிந்தவர்கள் இதனை எளிதில் ஒப்புவார்களா? கரும்பலகையில் வெறுங்கையால் வட்டம் வரைந்து காட்டும் கணித ஆசிரியரை மாணவர் வியப்பர். ஆயினும், கவராயமின்றி ஒரு மாணவன் தேர்வுத்தாளில் வரைந்த வட்டத்துக்கு அவ்வாசிரியரே முழு மதிப்பெண் தரமாட்டார். வியப்பு வேறு, துல்லியம் வேறு என்பது அவருக்குத் தெரியும்.

கைராசிக் கொள்கையின் பெருங்குறை யாதெனில், அது ஒருநாளும் தோற்பதில்லை. நோயாளி நலமடைந்தால் அது மருத்துவரின் கைராசி. நலமடையாவிட்டால் அது நோயாளியின் தலைவிதி. வெற்றி ஒருவர் கணக்கிலும் தோல்வி மற்றொருவர் கணக்கிலும் எழுதப்படும் ஏட்டில், உண்மை எங்கே இடம்பெறும்? கணக்கிடப்படாத வெற்றி வெறும் புகழ். அளக்கப்படாத தோல்வி திரும்பவும் நிகழும்.

பழங்காலத்தில் எலும்பு கட்டும் வைத்தியர் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தே எலும்பை நேராக்கினார். அவருக்கு விரல்களே கண்கள். அந்தத் திறமை மதிக்கத்தக்கதே. ஆனால் இன்றைய திருகாணி தோலுக்கடியில் தட்டுப்படும் இடத்தில் நிற்பதில்லை. தசைக்கும் எலும்புக்கும் உள்ளே, கண் காணாத, விரல் தீண்டாத ஆழத்தில் அது செல்கிறது. தீண்ட முடியாத இடத்தில் தீண்டலின் திறமையைப் பேசுவது பொருந்துமா?

திருக்குறளில் 'மருந்து' என ஓர் அதிகாரம் உண்டு. நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்தே செயற்படுமாறு மருத்துவனுக்கு அங்கே அறிவுறுத்தப்படுகிறது. அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் கைராசி பேசப்படவில்லை. தமிழ் மரபின் பெயரால் கைராசியைப் போற்றுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் நன்று.

ஒரு மில்லிமீட்டரின் விலை

"சற்று விலகினால்தான் என்ன? எலும்பு பெரியதுதானே!" என்று கேட்பவர் உண்டு. எலும்பு பெரியதாயினும் திருகாணிக்கு உரிய பாதை பெரியதன்று.

மணிக்கட்டு முறிவை எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கைப் பக்கமிருந்து தகடு வைத்து, திருகாணிகளைப் புறங்கைப் பக்கம் நோக்கிச் செலுத்துவது இன்று பரவலான முறை. ஒரு திருகாணியின் நுனி புறத்தே ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றால், அதன்மேல் ஓடும் தசைநாண் நாள்தோறும் அதில் உராய்கிறது. சில வாரங்களிலோ திங்களிலோ அது அறுந்துபோதல் கூடும். அறுந்தது கட்டைவிரலை நிமிர்த்தும் நாணாயின், கையை மேசைமேல் விரித்து வைத்து அவ்விரலை மட்டும் உயர்த்தச் சொன்னால் நோயாளியால் இயலாது. முறிவு கூடியிருக்கும்; கையோ குறைபட்டிருக்கும்.

இடுப்பெலும்பு முறிவு இதனினும் கடுமையானது. இடுப்பின் பின்புறத்தில், முதுகுத்தண்டின் அடியிலுள்ள திரிகவெலும்பினுள் பக்கவாட்டிலிருந்து திருகாணி செலுத்தப்படுகிறது. அதன் பாதைக்கு ஒரு பக்கம் நரம்புகள் வெளிவரும் துளை. மறுபக்கம் காலுக்குச் செல்லும் நரம்பும் பெரிய குருதிக்குழாய்களும். துளையிடும் கை 4 பாகை விலகினாலே திருகாணி நரம்புத் துளைக்குள்ளோ, எலும்பின் முன்சுவரைக் கடந்து வெளியிலோ செல்லக்கூடும் என்று 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 4 பாகை என்பது எவ்வளவு? கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 பாகை. அதனினும் சிறிய விலகல் ஒரு மனிதனின் பாதத்தை வாழ்நாள் முழுதும் தொங்கவிடக்கூடும். இவ்விடத்தில் 'அனுபவமுள்ள கை' என்ற சொற்றொடர் எத்துணைப் பாதுகாப்புத் தரும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொத்தனார் கூடச் சுவர் எழுப்பும்போது கண்ணை நம்பாமல் தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். செங்கல்லுக்குக் காட்டும் கவனத்தை நரம்புக்குக் காட்டுதல் இழுக்காகுமா?

நிழல் கூறும் பொய்

"ஊடுகதிர் இருக்கிறதே, அது போதாதா?" என்பது அடுத்த கேள்வி. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே எனப்படும் ஊடுகதிரைக் கண்டறிந்தார். எலும்பு மருத்துவத்துக்கு அது கண் கொடுத்தது, ஐயமில்லை. ஆனால் ஊடுகதிர்ப் படம் என்பது நிழல். நீளம், அகலம், ஆழம் உடைய பொருளின் நிழலில் ஆழம் தொலைந்துபோகிறது. மணிக்கட்டைப் பக்கவாட்டில் படமெடுத்தால், புறங்கை எலும்பிலுள்ள ஒரு மேடு திருகாணியின் நீட்டிய நுனியை மறைத்துவிடுகிறது. படத்தில் எல்லாம் சரியாகவே தோன்றும்; நாண் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். அதனாலன்றோ, கையை மடக்கி வேறொரு கோணத்தில் மீண்டும் படமெடுக்கும் வழக்கம் பிறந்தது!

இந்த நிழலோடு போராடிய வரலாறே வழிகாட்டு கருவிகளின் வரலாறு. 1931இல் போஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன், தொடை எலும்பின் கழுத்து முறிவுக்கு மூன்று இதழுடைய ஆணியைப் பற்றி எழுதினார். மூட்டைத் திறந்து கண்ணாற் கண்டு அதனை அவர் செலுத்தினார். மறு ஆண்டு, 1932இல், சுவீடன் நாட்டு ஸ்வென் யொஹான்சன் அவ்வாணியின் நடுவே துளை அமைத்தார். முதலில் மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, அது சரியான இடத்தில் உள்ளதா என்று ஊடுகதிர்ப் படத்தில் பார்த்து, சரியாயின் அக்கம்பியின் மேலேயே ஆணியைச் செலுத்துவது அவர் வகுத்த முறை. கம்பி தவறினால் எடுத்துவிட்டு மீண்டும் செலுத்தலாம். ஆணி தவறினால் எலும்பு பாழ். 'முன்னோர் வெறுங்கையாலேயே செய்தனர்' என்று பெருமை பேசுவோர், அம்முன்னோரே வழிகாட்டியைத் தேடி அலைந்தவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர், முறிந்த தொடை எலும்பின் உட்குழலில் நீண்ட உலோகக் கோலைச் செலுத்தும் முறையைத் தொடங்கினார். எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் அக்கோலைச் சுற்றி எலும்பு சுருங்கவும் திரும்பவும் கூடும். எனவே கோலின் இரு முனைகளிலும் துளை வைத்து, எலும்பின் குறுக்கே திருகாணி செலுத்திப் பூட்டும் முறை 1970-களில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் வளர்ந்தது. இங்கேதான் புதிய இடர் தோன்றியது. மேல்முனைத் துளையை, கோலின் தலையில் பொருத்திய சட்டமே காட்டிவிடும். கீழ்முனைத் துளையோ முழங்காலருகே, எலும்பின் உள்ளே ஒளிந்திருக்கிறது. வளைந்த எலும்பினுள் கோல் இறங்கும்போது சிறிது வளைந்தும் முறுகியும் போவதால், மேலேயுள்ள சட்டம் காட்டும் குறி கீழே பொருந்துவதில்லை.

இதற்குக் கண்ட வழி, 'சி' என்னும் ஆங்கில எழுத்தைப்போல் வளைந்த கரமுடைய ஊடுகதிர்க் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. கதிர் சாய்வாகச் சென்றால் துளை நீள்வட்டமாகத் தெரியும்; நேராகச் சென்றால் மட்டுமே முழுவட்டமாகத் தெரியும். முழுவட்டம் கிடைத்ததும் அதன் நடுவே துளையிடவேண்டும். அழகான முறைதான். ஆனால் ஒவ்வொரு பார்வைக்கும் கதிர் பாய்கிறது. கதிரின் அருகில் இருப்பது மருத்துவரின் கை. ஒரு நாள் ஒரு நோயாளிக்கு அது சிறிதளவே. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நின்று பணியாற்றும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் அது சிறிதளவா? ஊடுகதிரால் உயிரிழந்த முன்னோடிகளுக்காக 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. வெறுங்கையின் வீரத்தைப் பாடுவோர் அச்சின்னத்தையும் நினைவிற் கொள்ளட்டும். கோலினுள் சிறு உணரியை வைத்து, மின்காந்தப் புலத்தின் துணையால் துளையின் இடத்தைத் திரையிற் காட்டும் கருவிகள் பின்னர் வந்தன. அவை அத்துளையைத் தேடும் வேளையில் கதிரின் தேவையைப் பெரிதும் குறைத்தன. வழிகாட்டு கருவி நோயாளிக்கு மட்டுமன்றி மருத்துவருக்கும் காவல்.

ஓர் எண் செய்த பணி

இரண்டாவது மயக்கத்தை ஆராய்வதற்கு முன், துல்லியம் என்பது எதில் அடங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்றைக் காணுதல் தகும்.

வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்புக்கருகே தொடை எலும்பு முறிந்த முதியோர்க்கு, தொடை எலும்பின் தலைக்குள் தடித்த திருகாணி ஒன்றைச் செலுத்துவர். முதியோரின் எலும்பு நுரைபோல் மெலிந்தது. திருகாணி தகாத இடத்தில் நின்றால், நடக்க முயலும்போது அது தலையைக் கிழித்துக்கொண்டு மூட்டுக்குள் வந்துவிடும். மீண்டும் அறுவை, மீண்டும் படுக்கை. எண்பது வயது மூதாட்டிக்கு இரண்டாம் அறுவை என்பது பலவேளைகளில் உயிருக்கே உலை.

திருகாணி எங்கே நின்றால் நிலைக்கும்? 'நடுவில், ஆழமாக' என்று ஆசிரியர்கள் சொல்லிவந்தனர். எவ்வளவு ஆழம்? அது அவரவர் கண்மதிப்பு. 1995இல் அமெரிக்க மருத்துவர் பௌம்கார்ட்னரும் உடன் ஆய்ந்தோரும் அதற்கு ஓர் எண்ணைத் தந்தனர். முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் திருகாணி நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தொலைவை அளந்து, இரண்டையும் கூட்டவேண்டும். படம் பெரிதாகத் தோன்றும் பிழையைத் திருகாணியின் அறிந்த பருமனைக் கொண்டு திருத்திக்கொள்ளவேண்டும். அவர்கள் ஆராய்ந்த முறிவுகள் 198. கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமாக இருந்தவை 120. அந்த 120இல் ஒரு திருகாணிகூடக் கிழித்துக்கொண்டு வரவில்லை. கிழித்து வந்தவற்றில் சராசரித் தொலைவு 38 மில்லிமீட்டர்.

அதனினும் சிறந்த பாடம் 1997இல் வெளிவந்தது. அந்த எண்ணை மருத்துவர்கள் அறிந்துகொண்ட பின்னர் நிகழ்ந்த 118 முறிவுகளை ஆராய்ந்தபோது, சராசரித் தொலைவு 25இலிருந்து 20 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. முன்பு 198இல் 16 திருகாணிகள் கிழித்து வந்தன, பின்பு ஒன்றுமில்லை. முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிட்ட ஆய்வாதலால் வேறு காரணங்களும் துணைநின்றிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும், இதில் எண்ணத்தக்கது ஒன்று உண்டு. இத்தனைக்கும் காரணமாகச் சொல்லப்பட்டது புதிய இயந்திரமன்று, விலையுயர்ந்த உலோகமுமன்று. ஓர் அளவுகோலும், ஓர் எண்ணும், 'அளந்தாயிற்றா?' என்ற கேள்வியுமே. கைராசி என்று அதுவரை புகழப்பட்ட கைகளும், ஓர் எண்ணைக் கற்றபின் முன்னினும் நல்ல கைகளாயின.

புதிய கைராசி

இனி இரண்டாவது மயக்கம். பழைய கைராசி மருத்துவரின் விரலில் இருந்தது; புதிய கைராசி இயந்திரத்தின் விலைச்சீட்டில் இருக்கிறது. "எங்களிடம் கணினி வழிகாட்டி உண்டு, இயந்திரக் கை உண்டு, ஆகவே பிழைக்கே இடமில்லை" என்னும் விளம்பரக் குரல் இன்று எங்கும் ஒலிக்கிறது. இதுவும் ஒரு மந்திரச் சொல்லேயன்றி வேறில்லை.

கணினி வழிகாட்டி எவ்வாறு இயங்குகிறது? எலும்பில் ஒரு சிறு சட்டத்தைப் பொருத்தி, அதில் ஒளியைத் திருப்பியனுப்பும் உருண்டைகளை வைப்பர். துளையிடும் கருவியிலும் அவ்வாறே. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு இவ்விரண்டின் இருப்பிடத்தையும் ஒரு கேமரா ஓயாது நோக்குகிறது. நோயாளியின் சி.டி. ஸ்கேன் படத்தின்மீதோ, அறுவைக் கூடத்திலேயே எடுத்த ஊடுகதிர்ப் படத்தின்மீதோ துளைக்கருவியின் பாதையைக் கணினி வரைந்து காட்டுகிறது. மருத்துவர் திரையைப் பார்த்துத் துளையிடுகிறார். இதன் பயன் பெரிது. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் திருகாணியை உரிய இடத்தில் செலுத்துவதற்கு இது சிறந்த துணை என்பதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் திரையிலிருப்பது எலும்பன்று. எலும்பைப் பற்றிய கணக்கு. கணக்கின் அடிப்படை நழுவினால் விடையும் நழுவும். எலும்பிற் பொருத்திய சட்டத்தில் ஒரு முழங்கை பட்டு அது அசைந்துவிட்டால், திரையிலுள்ள படம் அழகாகவே இருக்கும். உண்மை வேறிடத்தில் இருக்கும். முறிந்த எலும்பு ஒன்றன்று, பல துண்டுகள். சட்டம் எந்தத் துண்டிற் பொருந்தியுள்ளதோ அதனை மட்டுமே கணினி அறியும். மற்றத் துண்டு நகர்ந்ததை அது அறியாது. மெல்லிய கம்பி கடினமான எலும்புச் சுவரில் வழுக்கி வளையும்போது, அது நேராகவே செல்வதாகத் திரை சொல்லும். கேமராவுக்கும் உருண்டைக்கும் நடுவே ஒருவர் வந்து நின்றால் பார்வையே மறையும். மின்காந்த வகையிலோ, அருகிலுள்ள உலோகப் பொருள் புலத்தைக் குலைத்தல் கூடும்.

இவை இயந்திரத்தின் குற்றங்களல்ல, எல்லைகள். எல்லையறிந்து பயன்படுத்துவோர்க்கு அது துணைவன். எல்லையறியாதார்க்கு அது பொய்ச்சாட்சி. நல்ல மருத்துவர் இடையிடையே கருவியின் நுனியை, தாம் நன்கறிந்த ஓர் எலும்பு முனையில் வைத்து, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று சோதிக்கிறார். அந்தச் சோதனைக்குச் சில நொடிகளே ஆகும். விளம்பரத்தில் அச்சோதனை இடம்பெறுவதில்லை. இயந்திரத்தின் படம் மட்டுமே இடம்பெறுகிறது. மேலும், திருகாணி துல்லியமாக நின்றதனால் மட்டுமே ஒவ்வொரு வகை முறிவிலும் நோயாளி விரைந்து நலமடைகிறார் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. முறிந்த துண்டுகளைத் தவறாகச் சேர்த்துவிட்டு, அத்தவறான நிலையில் திருகாணியை மிகத் துல்லியமாகச் செலுத்தினால் விளைவது என்ன? துல்லியமான தவறு!

ஏழைக்குத் துல்லியம் எதற்கு என்பார்க்கு

மூன்றாவது மயக்கம் கொடியது. "துல்லியம் செல்வர்க்குரிய ஆடம்பரம், வறிய நாட்டு மருத்துவமனை கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றவேண்டியதுதான்" என்பது அது. கருணைபோல் பேசி உரிமையைப் பறிக்கும் வாதம் இது.

இதற்கு வாயால் மறுமொழி கூறவேண்டியதில்லை. செயலால் கூறியவர் உண்டு. வியட்நாம் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய அமெரிக்கர் லூயிஸ் ஸர்க்கல், 1999இல் 'சைன்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அது உருவாக்கிய கோல், ஊடுகதிர்க் கருவியே இல்லாத அறுவைக் கூடத்திலும் பூட்டத்தக்கதாக அமைக்கப்பட்டது. கோல் உள்ளீடற்ற குழாயாக இராமல் திண்ணியதாக இருக்கும். வெளியே பொருத்தப்படும் நீண்ட சட்டம் துளையின் இடத்தைக் குறிக்கும். எலும்பின் முதற்சுவரைத் துளைத்தபின், மெல்லிய கருவி ஒன்றை உள்ளே விட்டு, கோலிலுள்ள நீள்துளைக்குள் அது நுழைவதை மருத்துவர் உணர்வார். நுழைந்தது உண்மைதானா என்பதைக் கோலைச் சிறிது அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்வார். அதன் பின்னரே திருகாணி.

இங்கே கவனிக்கத்தக்கது யாது? கணினியில்லை, கதிருமில்லை. ஆயினும் வழிகாட்டி உண்டு, சரிபார்த்தலும் உண்டு. கையின் உணர்வுக்கு இங்கே இடமுண்டு. ஆனால் அது சட்டத்தால் வழிநடத்தப்பட்டு, சோதனையால் உறுதிசெய்யப்பட்ட உணர்வு. கைராசிக்கும் கைத்திறனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னையது சோதனைக்கு அஞ்சும். பின்னையது சோதனையைத் தேடும்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இம்முறை பயன்பட்டுள்ளது. தென்கிழக்காசியாவின் மியன்மார், கம்போடியா, பிலிப்பைன்ஸ் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த அந்நாட்டுச் சாலைகளில் தொடை முறியும் தொழிலாளிக்கு, முன்னர் கிடைத்தது பல வாரங்கள் எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு படுக்கையிற் கிடக்கும் சிகிச்சையே. சம்பாதிப்பவன் படுக்கையிற் கிடந்தால் குடும்பமும் கிடந்தது என்று பொருள். பூட்டிய கோல் அவனை விரைவில் எழுந்து நிற்கச் செய்தது. இவ்வமைப்பின் மற்றொரு விதி போற்றத்தக்கது. மருத்துவர் தாம் செய்த அறுவையின் ஊடுகதிர்ப் படங்களை அமைப்புக்கு அனுப்பிப் பதிவுசெய்தல் வேண்டும். பதிவானவற்றுக்கு ஈடாக அடுத்த கோல்கள் வந்துசேரும். நன்கொடை பெறுவதற்கும் கணக்குக் காட்டவேண்டும் என்னும் இவ்வொழுங்கு, செல்வ நாட்டு மருத்துவமனைகள் பலவற்றுக்கும் பாடமாகத் தக்கது. ஏழைக்குத் துல்லியம் எதற்கு என்று கேட்டவர்க்கு, ஏழை நாட்டு மருத்துவர்கள் தம் ஏட்டைத் திறந்து காட்டி விடை பகர்ந்துவிட்டனர்.

திறன் மழுங்குமா?

இன்னும் ஒரு தடையுரை எஞ்சி நிற்கிறது. "கருவியைப் பழகிய இளைஞர், கருவி பழுதுபட்ட நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாரே!" என்பது அது. மேலே கண்ட மூன்றையும்போல் இது வெற்று வாதமன்று, பொருளுடைய அச்சம். கணிப்பொறி வந்தபின் வாய்ப்பாட்டை மறந்த மாணவரைக் கண்ட ஆசிரியர்க்கு இவ்வச்சம் எளிதிற் புரியும்.

ஆனால் இதற்கு மருந்து கருவியை விலக்குவதன்று. கற்பிக்கும் முறையைத் திருத்துவது. நிழலிலிருந்து வடிவத்தை மனத்துள் கட்டியெழுப்பும் பயிற்சி முதலில் வேண்டும். இந்தக் கோணத்தில் இந்த எலும்பு எவ்வாறு தோன்றும், இந்த விளிம்பு எதனுடைய நிழல் என்று சொல்லத் தெரிந்தவர் கையிற் கருவி சேர்ந்தால், கருவி பிழைபடும்போது அதைக் கண்டுபிடிப்பவரும் அவரே. வாய்ப்பாடு தெரிந்த மாணவன்தான் கணிப்பொறி தவறான விடையைக் காட்டும்போது 'இது பொருந்தாதே' என்று புருவத்தை உயர்த்துவான். ஆகவே, கைத்திறனும் கருவியும் பகைவரல்லர். ஒன்றையொன்று சரிபார்க்கும் இரு சாட்சிகள். ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பளிப்பது முறையாகுமா?

கேட்கவேண்டிய கேள்வி

அறுவைக் கூடத்தின் வெளியே அமர்ந்திருக்கும் அந்தத் தாயிடம் மீண்டும் வருவோர்க்கு, அவள் என்ன கேட்டிருக்கவேண்டும் என்பது இப்போது விளங்கும். "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதற்கு மாறாக, "ஐயா, திருகாணி உரிய இடத்தில் நிற்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? பார்த்தபின் எங்களுக்கும் படத்தைக் காட்டி விளக்குவீர்களா?" என்று அவள் கேட்கலாம். இக்கேள்வியில் மரியாதைக் குறைவு எள்ளளவும் இல்லை. நல்ல மருத்துவர் இதனால் சினம் கொள்ளார், மகிழ்வார். சினம் கொள்பவரைப் பற்றி, அச்சினமே ஒரு செய்தியைச் சொல்லிவிடும்.

அவ்வாறு கேட்பதற்கு அவளுக்குச் சொல் வேண்டும். திருகாணி, வழிகாட்டிக் கம்பி, ஊடுகதிர், பாகை, மில்லிமீட்டர் ஆகிய சொற்கள் அவள் தாய்மொழியில் அவளுக்குப் பழக்கமாகியிருத்தல் வேண்டும். அவளுக்கு அவற்றைப் பழக்குவோர் யார்? தமிழ்ப்பள்ளியின் அறிவியல் பாடத்தில் நிழலையும் ஒளியையும் கோணத்தையும் கற்பிக்கும் ஆசிரியரன்றி வேறு யார்? விளக்கின்முன் ஒரு வளையலைப் பிடித்து, அதனைச் சாய்த்தால் சுவரில் நீள்வட்டமும் நேராக்கினால் முழுவட்டமும் விழுவதை ஒரு மாணவிக்குக் காட்டலாம். அன்று அவள் கற்பது வெறும் ஒளியியலன்று. ஒருநாள் தன் தம்பிக்காகவோ தந்தைக்காகவோ மருத்துவரிடம் அச்சமின்றி வினவுதற்குரிய அறிவை அவள் அங்கே பெறுகிறாள்.

கைராசியை நம்பிய சமுதாயம் கைகூப்பி நிற்கும். அளவை அறிந்த சமுதாயம் கணக்குக் கேட்கும். மருத்துவரின் கை வாழ்க. அதனை வழிநடத்தும் அளவுகோலும் வாழ்க. ஆனால் நோயாளியின் எலும்புக்குள் செல்லும் ஒவ்வொரு திருகாணியும், அது நிற்கும் இடத்துக்குச் சான்று காட்டியே நிற்கட்டும்.